தூபக்காலுக்கும் தாய்ப்பத்திரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த, சீன எனாமல் தூபக்கால் பற்றிய கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் இரண்டு இடங்களில் கட்டுரை சறுக்கிவிட்டது. அடியில் 'ஜிங்தாய்' என்ற சீன அரசரின் முத்திரை இருப்பதால் அது 15ஆம் நூற்றாண்டுப் பொருள் என்கிறது ஒரு வரி. பெய்ஜிங் கோடை அரண்மனையிலிருந்து வந்ததாகக் குடும்பத்தில் சொல்வதால் அதன் பூர்வீகம் உறுதி என்கிறது இன்னொரு வரி. அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூடத் தாய்ப்பத்திரம் கேட்கிறார், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். வீட்டை விட அதிக விலை சொல்லப்படும் ஒரு பாத்திரத்துக்கு முத்திரையும் செவிவழிச் சேதியும் போதும் என்று விட்டுவிட முடியாது.

முதலில் பொருளைப் பார்ப்போம். நம்மூர் எனாமல் தட்டு இரும்பின் மேல் பூசியது. இது வேறு ரகம். செம்பு அல்லது வெண்கலப் பாத்திரத்தின் மேல் மெல்லிய கம்பியை விளிம்பு நிற்க வளைத்து ஒட்டி, கோலம் போலச் சின்னச் சின்ன அறைகள் கட்டி, அவற்றில் வண்ணக் கண்ணாடிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து நிரப்பிச் சூளையில் உருக்குவார்கள். ஐரோப்பியர் இதைக் குளோசொனே என்கிறார்கள். நம்மூர்ப் பொற்கொல்லருக்குப் பாதி வேலை தெரிந்ததுதான்: கம்பியச்சில் இழுத்துத் தட்டையாக்குவது, சாமணத்தால் வளைப்பது, பொடி வைத்து ஊதுவது. மீதிப் பாதி கண்ணாடி வேலை. சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பொடி உருகும்போது அதன் நடுவே இருந்த காற்று வெளியேறி, அறை பள்ளமாகிவிடும். மறுபடி நிரப்பி, மறுபடி சுட வேண்டும். மூன்று நான்கு சுற்றுக்குப் பிறகுதான் எனாமல் கம்பியின் மட்டத்துக்கு வரும். பிறகு கரட்டுக் கல், மெல்லிய கல், கடைசியாகக் கரி என்று தேய்த்துச் சமன் செய்வார்கள். வெளியே தெரியும் கம்பிக்கும் விளிம்புக்கும் பொன்முலாம் பூசுவதோடு வேலை முடியும்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தவறு நேரலாம். அந்தத் தவறுகள்தான் பின்னால் சாட்சி சொல்கின்றன. காற்று முழுதாக வெளியேறாவிட்டால், தேய்க்கும்போது குமிழி உடைந்து ஊசி குத்தியது போலக் குழிகள் தெரியும். மிங் வம்ச காலப் (1368–1644) பொருள்களில் இது அதிகம். அந்தக் குழிகளில் வண்ண மெழுகு அடைத்து மறைப்பதும் பழைய வழக்கம். பூவோ பறவையோ இல்லாத வெற்றிடத்தில்கூடக் கம்பிச் சுருள்கள் ஓடுகின்றனவே, அவை வெறும் அழகுக்கு அல்ல. கண்ணாடி பரந்த பரப்பில் பிடிமானமின்றி நின்றால் விரிசல் விட்டு உதிரும். கம்பி அதைக் கவ்விப் பிடிக்கிறது.

முத்திரைக்கு வருவோம். மிங் அரசர் ஜிங்தாயின் ஆட்சி 1450 முதல் 1457 வரைதான். சீனர்கள் இந்தக் கலைக்கே 'ஜிங்தாய்லான்', அதாவது ஜிங்தாய் நீலம், என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் கலை அவரோடு தொடங்கவில்லை. மேற்கேயிருந்து, இஸ்லாமிய நாடுகளின் வழியாக, மிங்குக்கு முந்தைய யுவான் வம்ச காலத்திலேயே சீனாவுக்கு வந்துவிட்டது. 1388இல் சாவ் ஷாவ் எழுதிய பழம்பொருள் கையேடு இந்த எனாமல் வேலையில் தூபக்கால், பூச்சாடி, வட்டப் பெட்டி, கிண்ணம் எல்லாம் பார்த்திருப்பதாகச் சொல்கிறது. பெண்கள் அறைக்குத்தான் இவை பொருந்தும், படித்தவர் மேசைக்கு ஆகாது என்று முகம் சுளிக்கவும் செய்கிறது. ஆட்சிப் பெயர் பொறித்த நம்பகமான பழைய பொருள்கள் ஜிங்தாய்க்கு முந்தைய சுவான்டே காலத்தவை (1426–1435). பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள டிராகன் ஜாடி அவற்றில் ஒன்று. அதன் ஜோடி சூரிக் நகரின் ரீட்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் ஜிங்தாய் முத்திரை மட்டும் ஏன் இத்தனை? மிங் ஆட்சியின் பிற்பகுதியில் ரசிகர்கள் வெண்கலம் என்றால் சுவான்டே, பீங்கான் என்றால் செங்குவா, எனாமல் என்றால் ஜிங்தாய் என்று அரசர்களின் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள். பேர் இருக்கும் இடத்தில் முத்திரை முளைக்கும். இன்று காணக்கிடைக்கும் ஜிங்தாய் முத்திரைகளில் பெரும்பான்மை 17ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ வைக்கப்பட்டவை. இதில் விசித்திரம் என்னவென்றால், பாத்திரம் நிஜமாகவே பழையதாக இருக்கும், முத்திரை மட்டும் புதிதாக இருக்கும். பழைய அடித்தட்டை எடுத்துவிட்டு, முத்திரை பதித்த வேறொன்றைப் பற்றவைத்திருப்பார்கள். ஜிங்தாயை விட மூத்த பாத்திரத்துக்கு ஜிங்தாய் முத்திரை குத்தி இளமையாக்கிய கூத்தும் நடந்திருக்கிறது.

ஆகவே தூபக்காலை ஒரே பொருள் என்று எண்ணக் கூடாது. உடல், அடித்தட்டு, மூன்று கால், இரண்டு காது, மூடி, மூடியின் குமிழ் என்று பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். தும்பிக்கையை ஊன்றி நிற்கும் யானைத்தலைக் கால்கள் பார்க்க வசீகரமானவை. ஆனால் 15ஆம் நூற்றாண்டு உடலுக்கு 17, 18ஆம் நூற்றாண்டில் மாட்டிய யானைகள் ஏராளம். மூடி முதலில் தொலைவது. மரத்தில் கடைந்த மூடியோ துளையிட்ட பொன்முலாம் மூடியோ பிறகு வந்து சேரும். ஐரோப்பாவுக்குப் போனவற்றில் சில மின்விளக்குத் தண்டாகவும் மாறின. அடியின் நடுவில் ஒயர் போக ஒரு துளை, பின்னால் அதை அடைத்த தக்கை இருந்தால், அந்தப் பொருள் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் வரவேற்பறை விளக்காக இருந்தது என்று பொருள். அதுவும் உடைமை வரலாறுதான்.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று, நல்ல டார்ச் ஒன்று. இவை இருந்தால் வீட்டிலேயே பாதி விசாரணை முடிந்துவிடும். ரோஜா நிறத்தில் தொடங்குங்கள். மிங் கலைஞரிடம் ரோஜா நிற எனாமல் இல்லை. சிவப்புப் பொடியையும் வெள்ளைப் பொடியையும் கலந்து சுட்டார். லென்ஸில் பார்த்தால் குங்குமத்தில் உப்பு தூவியது போலச் சிவப்பு மணியும் வெள்ளை மணியும் தனித்தனியே நிற்கும். தங்கத்தை நுண்துகளாக்கி வரும் ஒரே சீரான ரோஜா நிறம் ஐரோப்பியத் தொழில்நுட்பம். சீன எனாமலில் அது 1720களை ஒட்டித்தான் நுழைகிறது. எனவே சுவான்டேயோ ஜிங்தாயோ எந்த முத்திரை இருந்தாலும், இதழ் வழுவழுப்பான ரோஜாவாக இருந்தால் அந்த இதழ் 18ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல. அடுத்து கம்பி. பழைய கம்பி தகட்டிலிருந்து அடித்து எடுத்தது. அகலம் ஏறி இறங்கும், நீளவாக்கில் நடுவே பிளந்திருக்கும். அச்சில் இழுத்த செப்புக் கம்பி நூல் பிடித்தது போல் சீராக ஓடும். கம்பியை உலோகப் பொடியால் பற்றவைத்த இடத்தில் அதன் ஓரமெல்லாம் பழுப்பாகக் கசிந்திருக்கும். தாவரப் பசையால் ஒட்டிச் சுட்ட பிற்காலத்து வேலையில் ஓரம் சுத்தமாக இருக்கும்.

முலாமும் பேசும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, பாதரசத்தை ஆவியாக விரட்டுவது ரசமுலாம். தடிப்பாக, கொஞ்சம் மேடுபள்ளமாக இருக்கும். கை படும் இடங்களில் தேய்ந்து உள்ளே செம்பு தெரியும். மின்முலாம் 1840க்குப் பிறகு வணிகத்துக்கு வந்தது. அது இடுக்கிலும் முகட்டிலும் ஒரே மாதிரி மஞ்சளாகப் படியும். சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ்ரே ஒளிர்வுச் சோதனை செய்யலாம். பொருளைச் சுரண்டாமல் தனிமங்களைக் காட்டும். முலாமில் பாதரசம் தெரிகிறதா, பச்சை எனாமலில் குரோமியம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். குரோமியம் என்ற தனிமமே 1797இல்தான் கண்டறியப்பட்டது. மிங் பச்சையில் அது இருந்தால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்ற முத்திரை இருந்தால் விஷயம் இன்னும் எளிது. செய்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1890இல் வந்தது; பொருள் அதற்குப் பிறகு அந்தச் சந்தைக்காகப் புறப்பட்டது.

இப்போது பத்திரம்.

இரண்டாம் அபினிப் போரின் கடைசிக் கட்டத்தில், 1860 அக்டோபர் 6 மாலை, பிரெஞ்சுப் படை பெய்ஜிங்குக்கு வெளியே உள்ள யுவான்மிங்யுவானை, அதாவது ஐரோப்பியர் சொல்லும் கோடை அரண்மனையை, அடைந்தது. மறுநாள் கொள்ளை தொடங்கியது; பிரிட்டிஷ் படையும் சேர்ந்துகொண்டது. 18ஆம் தேதி பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் உத்தரவில் தீ வைத்தார்கள். இதே எல்ஜின்தான் 1862இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்து, மறு ஆண்டு தர்மசாலாவில் இறந்தவர். அந்தப் படையெடுப்பில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் இருந்தது. 'பெக்கின் (பெய்ஜிங்) 1860' என்ற போர்க்கௌரவம் இன்றும் அதன் பட்டியலில் உண்டு. ஆகவே இந்தியாவில் ஒரு ராணுவக் குடும்பத்திடம் அந்த அரண்மனைப் பொருள் இருப்பது நடக்காத காரியம் அல்ல. ஆனால் நடந்திருக்கலாம் என்பது வேறு, நடந்தது என்பது வேறு.

பிரிட்டிஷ் தளபதி ஹோப் கிராண்ட் அதிகாரிகள் எடுத்தவற்றைத் திரும்பப் பெற்று, முகாமிலேயே ஏலம் விட்டு, வந்த பணத்தை அதிகாரிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு, மற்றவர்களுக்கு இரண்டு பங்கு என்று பிரித்தார். உடைமை வரலாற்றில் இது முக்கியமான முடிச்சு. கொள்ளைப் பொருள் ஒரே வாரத்தில் 'காசு கொடுத்து வாங்கிய பொருள்' ஆகிவிட்டது. திருட்டு மாட்டைச் சந்தையில் விற்று ரசீது வாங்கிய கதைதான். பிரெஞ்சுப் பங்கில் சிறந்தவை மூன்றாம் நெப்போலியனுக்கும் அரசி யூஜெனிக்கும் போய், 1863இல் பொன்டேன்புளோ அரண்மனையில் சீன அருங்காட்சியகமாயின. மீதி 1861 முதலே பாரிஸிலும் லண்டனிலும் ஏலக் கூடங்களில் உருண்டது.

நல்ல பத்திரத்துக்கு ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். எல்ஜினின் செயலர் ஹென்றி லாக்கிடமிருந்து 1861இல் ஆல்ஃபிரட் மாரிசன் என்ற பெரும் செல்வர் சீனப் பொருள்களை வாங்கினார். அவை இங்கிலாந்தின் ஃபாண்ட்ஹில் மாளிகையில் தலைமுறை தலைமுறையாக இருந்து, 1965, 1971, 2004 என்று தவணையாக ஏலத்துக்கு வந்தன. அந்தத் தொகுப்பின் ஒரு ஜோடி, யோங்செங் காலத்து (1723–1735) இரட்டைக் கொக்குத் தூபக்கால்கள், 2010 டிசம்பரில் ஹாங்காங்கில் 12.9 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போயின. ஃபாண்ட்ஹில் பொருள்களின் அடியில் எண்ணிட்ட காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். ஒரே வீடு, ஒரே குடும்பம், சீட்டு, ஏலப் பட்டியல்: இதற்கு மேல் எதிர்பார்ப்பது கடினம்.

ஆனாலும் இந்தச் சங்கிலியிலும் கூர்ந்து பார்த்தால் ஒரு கண்ணி தளர்ந்திருக்கிறது. செப்டம்பர் 18 அன்று சீனரிடம் பிடிபட்ட லாக், அக்டோபர் 8 அன்றுதான் விடுவிக்கப்பட்டார். கொள்ளை தொடங்கிய 7ஆம் தேதி அவர் சிறையில் இருந்தார். பிறகு போரை முடித்த உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். அப்படியானால் யாரிடமிருந்து, எந்த விலைக்கு வாங்கினார்? போதாததற்கு, மாரிசன் லாக்கிடம் மட்டுமின்றி லண்டன் வணிகர்களிடமும் வாங்கியவர். ஃபாண்ட்ஹில் சீட்டு இருப்பதனாலேயே ஒரு பொருள் யுவான்மிங்யுவானிலிருந்து வந்தது ஆகாது. இவ்வளவு நல்ல பத்திரத்திலேயே இத்தனை கேள்வி என்றால், வெறும் வாய்வார்த்தையை என்ன செய்வது?

இன்னொன்று. அரண்மனைப் பொருள் வெளியேறிய வழி 1860 மட்டுமல்ல. 1900இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கைச் சூறையாடின. 1912இல் இளவரசர் கோங் குடும்பத்தின் தொகுப்பை ஜப்பானிய யமானகா நிறுவனம் முறையாக விலைக்கு வாங்கி, 1913இல் நியூயார்க்கில் ஏலம் விட்டது. 1924இல் கடைசிச் சீன அரசர் பூயி வெளியேற்றப்படும் வரை அரண்மனைக்குள்ளிருந்தே திருட்டும் அடகும் நடந்தன. இந்த நான்கு வழியும் சட்டத்தின் முன்னும் மனச்சாட்சியின் முன்னும் ஒன்றல்ல. ஆனால் 'கோடை அரண்மனை' என்ற சொல்லுக்கு விலை கூடுதல் என்பதால் எல்லாமே அந்த வாசல் வழியாக வந்ததாகச் சொல்லப்படுகின்றன. 'பெக்கின் கோடை அரண்மனையில் எடுத்தது, 1860' என்று பாத்திரத்திலேயே செதுக்கியிருந்தாலும், எழுத்தின் வெட்டுக்குள் அழுக்கும் தேய்மானமும் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பளபளவென்று புதுச் செம்பு தெரிந்தால் செதுக்கியவர் நம் காலத்தவர்.

ஆவணம் சேர்க்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். பழைய ஏலப் பட்டியலில் 'எனாமல் தூபக்கால், யானைக் கால்கள், 14 அங்குலம்' என்று ஒரு வரி கிடைத்ததும் தங்கள் பொருள் இதுவே என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இப்படி நூறு தூபக்கால்கள் இருக்கும். மூடியோடு உயரம், மூடியின்றி உயரம், வாய் விட்டம், எடை ஆகிய நான்கையும் மில்லிமீட்டர், கிராம் கணக்கில் எழுதுங்கள். பட்டியலில் படம் இருந்தால் கோலத்தை ஒப்பிடாதீர்கள். கோலம் பட்டறையில் திரும்பத் திரும்ப வருவது. குழிகளையும் விரிசல்களையும் ஒப்பிடுங்கள். இந்தத் தாமரையின் மூன்றாம் இதழில் இருக்கும் ஊசிக்குழி அந்தப் படத்திலும் அதே இடத்தில் இருந்தால் அதுதான் கைரேகை. சியன்லோங் காலத்து (1736–1795) எனாமல் பாத்திரங்கள் சிலவற்றில் ஆட்சி முத்திரையின் கீழ் தனியாக ஓர் எழுத்து இருக்கும். ஆயிரம் எழுத்துப் பாடத்திலிருந்து எடுத்த வரிசை எழுத்து அது. அதைப் பதிவு செய்தால் பிரிந்துபோன கூட்டாளிகளைத் தேட வழியுண்டு. பலிபீடத்துக்குரிய தொகுதியில் ஒரு தூபக்கால், இரண்டு விளக்குத் தண்டு, இரண்டு பூச்சாடி என ஐந்து உருப்படி. தனியே நிற்கும் தூபக்காலுக்கு நான்கு உறவுகள் எங்கோ இருக்கலாம்.

குடும்பக் கடிதத்துக்கு மதிப்பில்லை என்று சொல்ல வரவில்லை. 2018இல் இங்கிலாந்தில் ஏலம் போன 'புலி யிங்' என்ற பண்டைச் சீன வெண்கலப் பாத்திரத்துக்குப் பெரிய ஆதாரமாக இருந்தவை 1860இல் பிரிட்டனின் ராயல் மரீன் படை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். அதே ஆண்டு அந்தப் பாத்திரம் சீனத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சம்பவம் நடந்தபோதே எழுதிய கடிதம் சாட்சி. எண்பது வருஷம் கழித்துப் பேரன் எழுதிய குறிப்பு வெறும் தகவல். அதையும் வைத்திருங்கள், ஆனால் யார், எப்போது, யாரிடம் கேட்டு எழுதியது என்று அதன் மேலேயே குறித்துவிடுங்கள். திருட்டுப் பட்டியலையும் விடக்கூடாது. பொன்டேன்புளோ சீன அருங்காட்சியகத்திலேயே 2015 மார்ச் 1 அன்று சுமார் 15 பொருள்கள் திருடு போயின. சியன்லோங் காலத்து எனாமல் விலங்கு உருவம் ஒன்றும் அதில் சேர்த்தி. இன்டர்போலின் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்து, தேடிய தேதியோடு அச்செடுத்து வைக்கலாம்.

சாட்சியை அழிப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். கட்டுரையில் தூபக்காலைப் புளி போட்டுத் தேய்த்துப் 'பளிச்' ஆக்கியதாக ஒரு வரி வருகிறது. படித்ததும் பகீரென்றது. குத்துவிளக்குக்குப் புளி சரி. இங்கே புளியின் அமிலம் ஈய எனாமலின் மேற்பரப்பை அரித்து மங்கலாக்கும், தேய்ப்பு மெல்லிய முலாமைக் கொண்டுபோகும், குழிகளில் இருக்கும் பழைய மெழுகும் கிளம்பும். உலர்ந்த மென்துணியும் மெல்லிய தூரிகையும் போதும். உள்ளே படிந்திருக்கும் கரியையும் சாம்பலையும் கழுவக் கூடாது. அது பயன்பாட்டில் இருந்ததா, காட்சிக்கு மட்டும் இருந்ததா என்று சொல்வது அதுதான். அடியில் ஒட்டிய சீட்டு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் ஈரத்துணி படக் கூடாது.

சாம்பிராணி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சீனர்கள் பாத்திரத்தில் மெத்தென்று சாம்பல் நிரப்பி, அதற்குள் சிறிய கரித்துண்டைப் புதைத்து, மேலே மைக்காத் தகடு வைத்து, அதில்தான் வாசனைக் கட்டையை வைத்தார்கள். சூடு உலோகத்தை எட்டாது. நாம் தணலை நேரே கொட்டினால் செம்பு சட்டென விரியும், கண்ணாடி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. சிலந்தி வலை போல விரிசல் ஓடிவிடும்.

சட்டம் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கை பின்னோக்கிப் பாயாது. 1860 கொள்ளையை அதைக் கொண்டு வழக்காட முடியாது. ஆனால் சீனா அந்தப் பொருள்களின் மீதான உரிமையை விட்டுவிட்டதாக ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. விற்கும்போது எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தே விற்க வேண்டும். இங்கே வைத்திருப்பவருக்கு இன்னும் நெருக்கமானது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறாண்டு கடந்த கலைப்பொருள், செய்த ஊர் பெய்ஜிங்காக இருந்தாலும், இந்தியாவில் இருந்தால் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப முடியாது. நூறாண்டு ஆகவில்லை என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்பலாம். ஆக, 'ஜிங்தாய் காலம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே லண்டனுக்கும் அனுப்ப நினைப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கட்டுரையோடு வந்த மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். காதுக்குக் கீழே உள்ள செவ்வந்தி இதழ்கள் ஒரே சீரான ரோஜா நிறத்தில் இருக்கின்றன. அச்சில் நிறம் மாறியிருக்கலாம். அதன் உரிமையாளர் ஒரு லென்ஸ் வாங்கி அந்த இதழைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உங்களுக்கு எழுதினால், அதையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பழம்பொருள் பராமரிப்பிலும் ஆவணப் பணியிலும் இருக்கும் வாசகர்கள் இருவர்,
சென்னை.